வாசகர் கேள்வி பதில்: செத்த கிருமியும் காய்ச்சல் தரும்

கரூரில் இருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் அதிகமானதால் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முக்கால் மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. டிரிப்பை நிறுத்தி ஓர் ஊசி போட்டார்கள், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. 'சில பேருக்கு ஒத்துக்காது' என்றார்கள். ஆனால் பாட்டிலில் 'கிருமி நீக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்ததே! கிருமியே இல்லாத தண்ணீர் எப்படிக் காய்ச்சல் தரும் மேடம்?

டிரிப் ஏறும்போது நடுக்கம் வர மருந்து ஒவ்வாமை, ஊசி குத்திய இடத்தில் தொற்று என்று பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் நுண்ணுயிரியல் லேபில் 31 வருடம் நான் பார்த்த வேலையே அதுதான்.

பாட்டிலை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் வைத்தால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும். சரி, செத்த கிருமியின் உடல் எங்கே போகும்? எங்கும் போகாது, அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளித்தோல் முழுக்க எல்பிஎஸ் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பாதி கொழுப்பு, பாதி சர்க்கரை. ஒரே ஒரு பாக்டீரியாவின் மேல் சுமார் பத்து லட்சம் எல்பிஎஸ் மூலக்கூறுகள் இருக்கும். ஆட்டோகிளேவ் சூடு இதை ஒன்றும் செய்யாது. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர், ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் காலரா கிருமியைச் சூடாக்கிக் கொன்ற பிறகும் அது கினிப்பன்றிகளைக் கொல்வதைப் பார்த்தார். அந்த விஷத்துக்கு அவர் வைத்த பெயர்தான் எண்டோடாக்ஸின். அது வேறொன்றுமில்லை, இந்த எல்பிஎஸ்தான்.

நம் ரத்தத்தில் இது எவ்வளவு கலந்தால் காய்ச்சல் வரும் தெரியுமா? ஊசி மருந்துகளுக்கு விதித்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்ஸின் யூனிட். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 25 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் 25 பங்கு. இத்தனை சிறிய அளவை உடல் கண்டுபிடிக்கிறது என்றால் அதற்கென்று ஒரு கருவி உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. வெள்ளை அணுக்களின் மேல்சவ்வில் இருக்கும் அந்த ஏற்பிக்கு டிஎல்ஆர்-4 என்று பெயர்.

ஏற்பி என்றால் ஏதோ ஒட்டிக்கொள்ளும் பசை என்று நினைக்க வேண்டாம். அது வேலை செய்யும் விதம் அவ்வளவு நுணுக்கமானது. எல்பிஎஸ்-இன் அடிப்பகுதியில் ஆறு கொழுப்புச் சங்கிலிகள் இருக்கின்றன. டிஎல்ஆர்-4 தன்னோடு எம்டி-2 என்று ஒரு சின்னப் புரதத்தையும் வைத்திருக்கிறது. அதற்குள் ஒரு பை மாதிரிக் குழி. ஆறில் ஐந்து சங்கிலிகள் அந்தப் பைக்குள் போய்விடும். ஆறாவது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றுதான் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஎல்ஆர்-4-ஐப் பிடித்து இழுக்கிறது. வெளியே இரண்டும் ஜோடி சேர்ந்தால், செல்லுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்களும் ஜோடி சேரும். மணி அடித்தாயிற்று.

பிளேக் கிருமிக்கு இந்த ரகசியம் தெரியும் என்றே சொல்லத் தோன்றுகிறது. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் இருக்கும்போது அது ஆறு சங்கிலியோடு இருக்கும். நம் உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் நான்கு சங்கிலிக்கு மாறிவிடும். டிஎல்ஆர்-4 ஜோடி சேராது, உடல் விழிப்பதற்குள் கிருமி பெருகிவிடும். அத்தனை ஊர்களைக் காலி செய்த நோய்க்கு இரண்டு சங்கிலிகளைக் குறைத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

டிஎல்ஆர்-4 மணி அடித்ததும் வெள்ளை அணு டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்ற புரதங்களை ரத்தத்தில் விடும். அந்தச் செய்தி மூளைக்குப் போய், உடல் சூட்டை நிர்ணயிக்கும் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் ஊறும். '37 போதாது, 39 வேண்டும்' என்று மூளை கணக்கை மாற்றிவிடும். உடல் இன்னும் 37-ல்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்குக் குளிர்கிறது. சூட்டை ஏற்றத் தசைகள் உதறுகின்றன. அதுதான் நடுக்கம். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துக் கணக்கைப் பழையபடி இறக்குகிறது.

லேபில் இதை நாங்கள் எப்படிச் சோதித்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது முயல்கள் இருந்தன. மருந்தை முயலின் காது ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டு, மணிக்கணக்காக உடல் சூட்டைக் குறித்துக்கொண்டிருப்போம். அப்புறம் எல்ஏஎல் வந்தது. குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தில் இருந்து எடுக்கும் பொருள் அது. ஒடிசாக் கடற்கரையில் இந்த நண்டின் ஓர் இனம் இருக்கிறது. பரிசோதனைக்குப் பெரும்பாலும் பயன்படுவது அமெரிக்க இனம். அந்த நண்டின் ரத்தம் பாக்டீரியா பட்டதும் உறைந்துவிடுவதை 1956-ல் ஃபிரெடரிக் பேங் கவனித்து எழுதினார். கிருமி உள்ளே நுழைந்த இடத்திலேயே அதைச் சிறை வைக்க நண்டு கையாளும் வழி அது.

சின்னக் கண்ணாடிக் குழாயில் 0.1 மில்லி எல்ஏஎல், 0.1 மில்லி மருந்து. 37 டிகிரியில் ஒரு மணி நேரம். நடுவில் தொடவே கூடாது. மேசையைக் கூட ஆட்டக் கூடாது. மணி ஆனதும் குழாயை மெதுவாக எடுத்து ஒரே அசைவில் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திரவம் வழிந்தால் நிம்மதி. பால்கோவா மாதிரி அடியிலேயே உறைந்து நின்றால் அந்த பேட்ச் மொத்தமும் நிறுத்தம். ஒருமுறை ஒரே வாரத்தில் மூன்று பேட்ச் உறைந்தது. ஆட்டோகிளேவ் பதிவு, கிருமி வளர்ப்புச் சோதனை எல்லாம் சுத்தம், ஒரு கிருமியும் வளரவில்லை. தேடித் தேடிக் கடைசியில் ஒரு கழுவும் ஹோஸில் போய் நின்றோம். ராத்திரி வேலை முடிந்ததும் தண்ணீரை வடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சம் நின்ற ஒரு தம்ளர் தண்ணீரில் விடிவதற்குள் பாக்டீரியா பெருகிவிட்டது. காலையில் அதே ஹோஸில் தொட்டியைக் கழுவினார்கள். பிறகு எல்லாம் ஆட்டோகிளேவில் செத்தது. செத்ததன் தோல் மட்டும் பாட்டிலுக்குள் போனது. அந்த மூன்று குழாய்களையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. அவை வெளியே போயிருந்தால் எத்தனை வார்டுகளில் எத்தனை அம்மாக்கள் நடுங்கியிருப்பார்கள்!

கண்ணாடியில் ஒட்டிய எண்டோடாக்ஸினை அழிக்க 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். அதனால்தான் வெந்நீரில் கொதிக்க வைத்த சாமான் 'சுத்தம்' என்றால் எங்கள் லேபில் ஒத்துக்கொள்ள மாட்டோம். இனி யாருக்கு டிரிப் ஏறும்போது நடுக்கம் வந்தாலும், டிரிப்பை நிறுத்தச் சொன்னதோடு விடாமல், பாட்டிலையும் டியூபையும் தூக்கி எறியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அதை எழுத்தில் பதியவும் சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் இருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: டிஎல்ஆர் என்றால் 'டோல் போன்ற ஏற்பி' என்று படித்தேன். டோல் என்றால் டோல்கேட்டா? செல்லின் மேல் கிருமி பட்டால், உள்ளே இருக்கும் உட்கருவுக்குச் செய்தி எப்படிப் போகிறது?

டோல்கேட் இல்லை தம்பி. 'டோல்' என்பது ஜெர்மன் சொல், 'அபாரம்!' என்று வியந்து சொல்வது. பழ ஈயின் கரு வளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழுவில், ஈயின் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்கு வைத்த பெயர் அது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1996-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூனோ லெமேத்ர் குழுவினர் டோல் பழுதான ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்று கொடுத்துப் பார்த்தார்கள். செத்த ஈயின் உடலெங்கும் பூஞ்சை இழைகள் முளைத்து நிற்கும் அந்தப் படத்தை நீ அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். அடுத்த வருடமே ருஸ்லான் மெட்ஸிடோவும் சார்லஸ் ஜேன்வேயும் மனிதனிடம் அதே மாதிரி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர், எண்டோடாக்ஸின் கொடுத்தாலும் அசையாத ஒரு வகை எலியில் பழுதாகி இருப்பது டிஎல்ஆர்-4-தான் என்று கண்டுபிடித்தார். அந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருந்தது. அந்த எலி அதிர்ஷ்டசாலி என்று நினைத்துவிடாதே. உயிருள்ள சால்மொனெல்லாவை உள்ளே விட்டால் மற்ற எலிகளுக்கு முன்னால் அது செத்துவிடும். ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார். நம் உடல் கிருமிகளுக்குப் பொதுவான சில உருவங்களை அடையாளம் வைத்திருக்கும் என்று 1989-லேயே, ஓர் ஏற்பியும் கையில் இல்லாத காலத்தில், யோசித்துச் சொன்னவர் அவர்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. சவ்வுக்கு உள்பக்கம் டிஎல்ஆர் வால்கள் ஜோடி சேர்ந்ததும் மைடி-88 என்ற புரதம் வந்து ஒட்டும். ஒன்று ஒட்டினால் அதன் மேல் இன்னொன்று. ஆறு மைடி-88, அதற்கு மேல் நான்கு ஐராக்-4, அதற்கும் மேல் நான்கு ஐராக்-2 என்று கோபுரம் மாதிரிச் சுழன்று ஏறும் என்பதை 2010-ல் படிக அமைப்பாகவே பார்த்தார்கள். அங்கிருந்து டிராஃப்-6, டாக்-1, ஐகேகே என்று புரதத்துக்குப் புரதம் செய்தி கைமாறும்.

கடைசியில் நிற்பது என்எஃப்-கப்பா பி என்ற புரதம். 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். என்எஃப்-கப்பா பி புதிதாகத் தயாராக வேண்டியதே இல்லை. எப்போதும் தயாராகச் செல்லுக்குள் காத்திருக்கும். ஆனால் ஐ-கப்பா பி என்ற காவல் புரதம் அதைக் கட்டிப் பிடித்து, உட்கருவுக்குள் போக விடாமல் வைத்திருக்கும். செய்தி வந்ததும் ஐகேகே அந்தக் காவல் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். 'இதை அழிக்கலாம்' என்பதற்கான முத்திரை அது. செல்லின் கழிவு அரைக்கும் எந்திரமான புரோட்டியசோம் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி காலி. கட்டு அவிழ்ந்த என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, டிஎன்எஃப் முதலான நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பும். அப்படி எழும்பும் மரபணுக்களில் ஒன்று ஐ-கப்பா பி உடையதே! தன்னைக் கட்டிப்போடும் காவலனைத் தானே மறுபடி உண்டாக்கும். புதிய காவலன் வந்து அதை வெளியே இழுத்துப் போவான். கிருமி இன்னும் இருந்தால் மறுபடி அவிழும், மறுபடி கட்டும்.

பரீட்சைக்கு இத்தனை பெயர்களும் வேண்டாம். ஆனால் இந்த வரிசையில் ஒரு படி இல்லாமல் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐராக்-4 இல்லாதவர்களை 2003-லும் மைடி-88 இல்லாதவர்களை 2008-லும் அடையாளம் கண்டார்கள். நிமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் அவர்களை உயிர் போகும் அளவுக்குத் தாக்கும். ஆனால் ஆரம்பத்தில் காய்ச்சலே பெரிதாக இருக்காது. பெரும்பாலான வைரஸ்களை எல்லாரையும் போல் சமாளிப்பார்கள். வளர்ந்து பதின்பருவம் தாண்டினால் இந்தத் தொற்றுகளும் குறைந்துவிடும். பழகித் தேறும் இன்னொரு வகை எதிர்ப்பு சக்தி அதற்குள் கைகொடுத்துவிடுகிறது.

மதுரையில் இருந்து ஒரு வாசகர்: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி தினமும் சாப்பிடலாமா?

மேலே சொன்ன மணி ஓயாமல் அடித்தால் அதற்குப் பெயர் செப்சிஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கூட்டிக்கொண்டே போவதற்கு அது சம்பளம் இல்லை ஐயா. தூக்கம், சாப்பாடு, உரிய தடுப்பூசி போதும். பொடிக்குச் செலவழிக்கும் பணத்தில் பழம் வாங்குங்கள்.

சென்னையில் இருந்து ஒரு வாசகி: வைரஸ் என்பதே டிஎன்ஏ, ஆர்என்ஏ தானே. நம் செல்லிலும் அதே டிஎன்ஏ, ஆர்என்ஏ. உடல் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? அப்படியானால் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை மட்டும் ஏன் விட்டுவிட்டது?

மிக நல்ல கேள்வி அம்மா. பிரித்துப் பார்க்க உடலுக்கு இரண்டு வழி: ஒன்று உருவம், இன்னொன்று இடம்.

உருவத்தில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. நம் எம்ஆர்என்ஏ-வின் முனையில் ஒரு தொப்பி இருக்கும்; பல வைரஸ்களின் ஆர்என்ஏ முனையில் தொப்பி இல்லாமல் மூன்று பாஸ்பேட் மொட்டையாக நிற்கும். ரிக்-ஐ என்ற ஏற்பி அந்த மொட்டை முனையைத்தான் தடவிப் பார்க்கிறது. செய்தியை மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்திடம் கொடுக்கும்; முடிவில் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் சுரக்கும். செல்லின் உள்ளறைகளில் இருக்கும் டிஎல்ஆர்-7, டிஎல்ஆர்-8 இரண்டும் ஒற்றை இழை ஆர்என்ஏ-வைப் பார்க்கும். கதலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் பல வருடம் மல்லுக்கட்டியது இவற்றோடுதான். லேபில் செய்த ஆர்என்ஏ-வை உள்ளே விட்டால் செல் வைரஸ் என்று அலறிவிடும். அதில் இருக்கும் யூரிடின் என்ற எழுத்தை, நம் ஆர்என்ஏ-விலும் அங்கங்கே இயல்பாக இருக்கும் சூடோயூரிடினாக மாற்றினால் அலறல் அடங்குகிறது என்று 2005-ல் காட்டினார்கள். கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இருந்தது அதற்கு நெருங்கிய உறவான எழுத்து. 2023-ல் இருவருக்கும் நோபல். எனவே உடல் சும்மா விட்டுவிடவில்லை, விடும்படி எழுத்தை மாற்றி எழுதினார்கள்.

டிஎன்ஏ விஷயத்தில் இடம்தான் முக்கியம். நம் டிஎன்ஏ உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்க வேண்டியது. அவற்றுக்கு வெளியே செல்லின் திரவத்தில் டிஎன்ஏ கிடந்தால், யாருடையது என்று சிகாஸ் என்ற ஏற்பி கேட்காது. பிடித்துக்கொண்டு சிஜிஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறைச் செய்யும். அது போய் ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்பும். டல்லஸில் ஜேம்ஸ் சென்னின் குழு 2013-ல் இதைக் கண்டுபிடித்தது. உங்கள் வீட்டுக்காரரே ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தால் நாய் குரைக்கத்தானே செய்யும்!

உதிரி டிஎன்ஏ-வை அவ்வப்போது பெருக்கித் தள்ள ட்ரெக்ஸ்-1 என்ற நொதி இருக்கிறது. அது பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஐகார்டி-கூட்டியேர் என்ற நோய் வரும். மூளை வீக்கம், தோல் புண் எல்லாம் கருவிலேயே வைரஸ் தாக்கியது போல இருக்கும். தேடினால் வைரஸே இருக்காது. அதே போல டிஎல்ஆர்-7-இல் ஒரே ஒரு மாற்றம், எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயைக் கொண்டுவந்த ஒரு சிறுமியின் விவரம் 2022-ல் வெளியானது.

மூலனூர் பக்கத்தில் இருந்து ஒரு விவசாயி: நாங்கள் கண்வலிக் கிழங்கு போடுகிறோம். விதையை வாங்கிப் போகிறவர்கள் வாதத்துக்கு மருந்து எடுக்கிறார்கள் என்கிறார்கள். உண்மையா? உடம்புக்குள் அது என்ன செய்கிறது?

உண்மைதான் ஐயா. செங்காந்தள் என்று நம் மாநிலப் பூவாக வைத்திருக்கிறோமே, அதே கொடி. காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கும் உங்கள் பாடு எனக்குத் தெரியும். என் அத்தை வீடும் அந்தப் பக்கம்தான். விதையில் இருக்கும் கோல்சிசின், கவுட் என்ற மூட்டு நோய்க்கு மருந்து.

கவுட்டில் யூரிக் அமிலம் ஊசி மாதிரிப் படிகமாகி மூட்டில், பெரும்பாலும் கால் பெருவிரலில், இறங்கும். அங்கே ஒரு கிருமியும் கிடையாது. ஆனாலும் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். காரணம், வெள்ளை அணு அந்தப் படிகத்தை விழுங்கியதும் உள்ளே இருக்கும் என்எல்ஆர்பி-3 என்ற ஏற்பி எழுந்துவிடுவதுதான். இதை 2006-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் ஷோப் குழு காட்டியது. எழுந்த ஏற்பிகள் பல ஒன்றுகூடி, ஒரு செல்லுக்கு ஒரு பொட்டு மாதிரித் திரளும். நுண்ணோக்கியில் சாயம் ஏற்றிப் பார்த்தால் குங்குமம் வைத்தது போல் அந்த ஒற்றைப் பொட்டு தெரியும். அந்தத் திரளில் காஸ்பேஸ்-1 என்ற கத்தரி விழித்து, இன்டர்லூக்கின்-1-ஐ வெட்டித் தயாராக்கும். காஸ்டெர்மின்-டி என்ற இன்னொரு புரதத்தையும் வெட்டும். அது செல் சவ்வில் ஓட்டை போட, இன்டர்லூக்கின் வெளியே கொட்டும். அதுதான் அந்த வலி.

செல்லுக்குள் சரக்கு போய்வர நுண்குழாய்கள் என்ற தண்டவாளங்கள் இருக்கின்றன. உங்கள் விதையின் கோல்சிசின் அந்தத் தண்டவாளம் சேராமல் கெடுத்துவிடும். வெள்ளை அணுக்கள் மூட்டை நோக்கி ஊர்ந்து வருவதும் தடைப்படும், அந்தப் பொட்டுத் திரள்வதும் தடைப்படும்.

ஒன்றை மட்டும் கெட்டியாக மனதில் வையுங்கள். உடம்பில் எல்லாச் செல்லும் இரண்டாகப் பிரிய அதே தண்டவாளம்தான் வேண்டும். அதனால் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கையோ விதையையோ அரைத்து யாரும் சாப்பிடக் கூடாது. முதலில் வாந்தியும் பேதியும் வரும், ஏதோ சாப்பாடு சேரவில்லை என்று விட்டுவிடுவார்கள். அதற்கு அடுத்த நாட்களில் ரத்த அணுக்கள் குறையும், பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். விதைக் கிழங்கைச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைக்கும் மூலையில் வைக்காதீர்கள். தனி மூட்டை, தனி அறை, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரும் வரை காத்திராமல், ஒரு கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.